வயலுக்குப் போட்ட துத்தநாகம்

தம்பி,

செவ்வாய்க்கிழமை நீ போனில் கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. "சுகன்யாவுக்கு மூணு மாசம்மா" என்றாய். நான் சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "எம் மறதிப் புத்தி அந்தப் புள்ளைக்கு வந்துடக் கூடாதும்மா. அப்பாகிட்டயும் இல்ல, ஒங்கிட்டயும் இல்ல. எங்கிட்டதான் ஆரம்பிச்சிருக்கு. பொறவியிலயே வந்தது அப்படியே எறங்கத்தானே செய்யும்?" என்று கேட்டாய். நான் "சாப்பிட்டியா?" என்றேன். நீ "ம்" என்றாய். அத்தோடு போனை வைத்துவிட்டேன்.

நீ கேட்டதற்கு என்னிடம் ஒரு பதில் இருக்கிறது. 2007-ஆம் வருடத்திலிருந்து இருக்கிறது. அப்போது உனக்குப் பதினொரு வயது. இத்தனை வருடமாக அதை உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்தேன். நேரில் சொல்ல எனக்கு வராது, போனில் அதைவிட வராது. உங்கப்பா போய் நான்கு வருடமாகிறது. இப்போது தனியாக இருக்கும் இந்தப் பெரம்பலூர் வீட்டில் நான் நாள் முழுக்கப் பேசும் வார்த்தைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். பேசிப் பழக்கம் இல்லாதவளுக்கு எழுதுவதுதான் வழி. சுகன்யாவும் இதைப் படிக்கட்டும். அவள் அம்மா கேட்டால் அவர்களும் படிக்கட்டும். நான் ஒளித்து வைத்தது போதும்.

நான் ரஞ்சன்குடிப் பக்கத்துப் பெண் என்பதும், எங்கள் வீட்டில் காலேஜுக்குப் போன முதல் ஆள் என்பதும் உனக்குத் தெரியும். திருச்சியில் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி. பிராக்டிகல் வகுப்பில் துத்தநாகத் துண்டுகளை அமிலத்தில் போடுவோம். குமிழி குமிழியாக வாயு வரும், தீக்குச்சியைக் காட்டினால் 'டப்' என்று வெடிக்கும். அந்தச் சின்னச் சத்தத்துக்கே நான் இரண்டடி தள்ளி நிற்பேன். மூன்று வருடத்தில் வகுப்பில் ஒரு கேள்வி கேட்டதில்லை. பதில் தெரிந்தாலும் கையைத் தூக்கியதில்லை. யாராவது என்னைத் திரும்பிப் பார்த்தால் காது சூடாகிவிடும். ஹாஸ்டலில் இரண்டாம் தடவை சோறு கேட்க வரிசையில் நிற்கவேண்டும் என்பதற்காகவே ஒரு தடவையோடு எழுந்துவிடுவேன். இதை எதற்குச் சொல்கிறேன் என்று பின்னால் புரியும்.

1995-இல் கல்யாணம். அரியலூருக்குத் தெற்கே உங்கப்பாவின் வீட்டுக்கு வந்தேன். உங்கப்பா ஆலத்தியூர் பக்கம் சிமெண்ட் ஆலையில் ஒப்பந்த வேலைக்குப் போவார், ஒரு வாரம் பகல் ஷிப்ட், ஒரு வாரம் இரவு ஷிப்ட். வீட்டில் மாமாவும் அத்தையும் நானும். அங்கே முதலில் மாமா சாப்பிடுவார், பிறகு உங்கப்பா, பிறகு அத்தை. எல்லாரும் சாப்பிட்டு முடித்து, பாத்திரத்தைக் கழுவப் போடுவதற்கு முன்னால் நான். அத்தை என்னைப் பட்டினி போட்டார் என்று நினைத்துவிடாதே. "சாப்ட்டியா பொண்ணு?" என்று தினமும் கேட்பார். "ஆச்சுங்க அத்தை" என்பேன். சில நாள் சட்டியில் ஒரு கைப்பிடிதான் இருந்திருக்கும். இன்னும் கொஞ்சம் வடிக்கலாமா என்று கேட்டிருந்தால் அவர் வேண்டாம் என்று சொல்லியிருக்க மாட்டார். கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை கறி எடுத்தால் என் முறை வரும்போது குழம்பு இருக்கும், துண்டு இருக்காது. கம்பங்கூழும் புளிக்குழம்பும் டீயுமாக என் நாள் ஓடிற்று. எனக்கு அது குறையாகவே தெரியவில்லை.

நீ வயிற்றில் வந்த பிறகும் அப்படியேதான். அத்தை ஒருநாள் முறத்தை ஓரமாக வைத்துவிட்டு, என்னைப் பக்கத்தில் உட்காரச் சொல்லி, "அர வவுறு போதும் பொண்ணு. முட்ட முட்டத் தின்னா புள்ள பெருத்துப் போவும். அப்புறம் கத்திய வெக்கத்தான் சொல்லுவாங்க" என்றார். அவருடைய தங்கை தலைப் பிரசவத்தில் இறந்தவர். பிள்ளை பெரிதாக இருந்ததுதான் காரணம் என்று ஊரே சொல்லியிருக்கிறது. என்னையும் அப்படி இழந்துவிடக் கூடாது என்ற பயத்தில்தான் அவர் சொன்னார். நான் படித்தவள். இது சரியா என்று யாரிடமாவது கேட்டிருக்க வேண்டும். ஊசி போட வரும் நர்ஸம்மாவிடம் கேட்டிருக்கலாம். அவர்கள் கேட்டதற்குத் தலையாட்டினேன், கொடுத்த இரும்புச் சத்து மாத்திரையை வாங்கிக்கொண்டேன், நானாக ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அரை வயிறு சாப்பிட்டவளுக்கு வேறொன்றின் மேல் ஆசை வந்தது. பலப்பம். சிலேட்டில் எழுதும் குச்சி. அதன் மண் வாசனை மூக்கில் பட்டால் எச்சில் ஊறும். மசக்கையில் மண்ணும் சாம்பலும் தின்கிற பெண்களைப் பார்த்திருக்கிறேன். படித்தவள் மண் அள்ளித் தின்னலாமா என்று வெட்கப்பட்டுக்கொண்டு கடையில் பலப்பம் வாங்கினேன். முதல் இரண்டு தடவை கடைக்காரம்மா ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் தடவை, "ஒங்க வூட்ல எந்தப் புள்ளம்மா சிலேட்டு வெச்சிருக்கு?" என்றார்.

"பக்கத்து வூட்டுப் புள்ளைக்குங்க."

"அது போன வருசமே நோட்டுக்கு மாறிடுச்சே."

நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் சிரித்துவிட்டு, டப்பாவிலிருந்து ஒரு பிடி அள்ளிக் காகிதத்தில் மடித்தார். "எடுத்துட்டுப் போ. நான் செங்கல்ல நக்கித்தான் மூணையும் பெத்தேன். வாத்தியாரு வேலைக்கா போயிடுச்சுங்க, எல்லாம் லாரிதான் ஓட்டுதுங்க" என்றார். தினம் மூன்று நான்கு குச்சி தின்றிருப்பேன். உங்கப்பாவுக்கே தெரியாது.

அந்தப் புரட்டாசியில் எனக்கு ஏழாம் மாதம். நடவு முடிந்து மூன்று வாரம் இருக்கும். பயிர் வளராமல் குட்டையாகவே நின்றது. இலையில் துருப்பிடித்த மாதிரி புள்ளிகள். வேளாண்மை ஆபீசர் ஒருவர் மொபெட்டில் வந்து, வயலில் இறங்கி, ஒரு தூரைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்தார். "மண்ணுல ஜிங்க் பத்தலங்க. இது சுண்ணாம்பு மண்ணு. இருக்கிற கொஞ்சத்தையும் இறுக்கிப் புடிச்சிக்கும், வேருக்கு விடாது" என்றார்.

மாமா, "சிங்கா? எந்தூர் சிங்குங்க அவரு, நம்ம வயல்ல வந்து வேல பாக்குறது?" என்று கேட்டார்.

"துத்தநாகம்ங்க. வாங்கி மணல்ல கலந்து வீசணும்."

"நாகமா? ஏற்கனவே வரப்புல ரெண்டு திரியுது. அது பத்தாதுங்களா?"

ஆபீசரும் சிரித்துவிட்டார். அத்தைதான், "நம்ம பொண்ணு பி.எஸ்ஸி. ஆச்சே, அதக் கேளுங்க" என்றார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கதவுக்குப் பின்னாலிருந்து, "துத்தநாக சல்பேட்டுங்க மாமா. உப்பு மாதிரி இருக்கும்" என்றேன். அந்த வீட்டில் என் படிப்பைக் கேட்டது அந்த ஒரு நாள்தான். எனக்குப் பெருமையாக இருந்தது. மறுநாள் சாக்கைப் பிரித்து, மணலோடு கலந்து, கூடை கூடையாக நான்தான் எடுத்துக் கொடுத்தேன். பத்துப் பதினைந்து நாளில் பயிர் பச்சை கட்டி எழுந்தது. அதே நாட்களில் எனக்குச் சோற்றில் ருசியே தெரியாமல் போயிற்று. குழம்புக்கு உப்புப் போட்டோமா என்று தெரியாமல் இரண்டு தடவை போட்டுத் திட்டு வாங்கினேன். தலைமுடி கொத்துக் கொத்தாகக் கையோடு வந்தது. மசக்கை என்றார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். வயலுக்கு எது இல்லை என்று தெரிந்துகொண்டு கையால் அள்ளிக் கொடுத்தவளுக்கு, அதுவே தன் உடம்புக்கும் வேண்டும் என்பது தெரியவில்லை. எங்கள் பாடப் புத்தகத்தில் துத்தநாகத்தின் அணு எடை இருந்தது. அது கருவில் இருக்கும் பிள்ளையின் மூளைக்கு வேண்டும் என்று எந்தப் பக்கத்திலும் இருக்கவில்லை.

ஒன்பதாம் மாதம் என்னைக் கூட்டிப்போக எங்கம்மா வருவதற்குள் நீ பிறந்துவிட்டாய். இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. "நோவாமப் பொறந்துட்டான் பாரு, நான் சொன்னது சரியாப் போச்சா" என்று அத்தை எல்லாரிடமும் சொன்னார். நானும் அவருக்கு நன்றியோடுதான் இருந்தேன்.

உன் மறதியை நான் முதலில் மறதி என்று நினைக்கவில்லை. கடைக்குச் சீரகம் வாங்க அனுப்பினால், "சீரகம், சீரகம்" என்று வழி நெடுகச் சொல்லிக்கொண்டு போவாய், வழியில் யாராவது கூப்பிட்டுப் பேசினால் கடுகோடு வருவாய். சிரிப்போம். பள்ளிக்கூடத்தில் சேர்த்த பிறகு சிரிப்பு போயிற்று. மாலையில் ஒப்பித்த வாய்ப்பாடு காலையில் இருக்காது. உங்கப்பா, "அம்மா பி.எஸ்ஸி., புள்ள ஒண்ணாப்பு" என்று கேலி செய்வார். அது உன்னைவிட என்னைத்தான் குத்தியது. நான் ஸ்கேலை எடுத்தேன். ஊரில் யாரிடமும் குரல் உயர்த்தாத நான் உன்னிடம் மட்டும் கத்தினேன். பேசத் தெரியாத என் கோபமெல்லாம் உன் முழங்கால் மேல்தான் இறங்கியது. நீ அழமாட்டாய். "இரும்மா, வருது, வருது" என்பாய். வராது.

நீ மூன்றாம் வகுப்பு படிக்கும்போது சாப்பாட்டு டப்பாவைப் பள்ளிக்கூடத்தில் மறந்துவிட்டு வந்தாய். அந்த வாரத்தில் அது நான்காம் தடவை. "போய் எடுத்துட்டு வந்தாத்தான் வூட்டுக்குள்ள விடுவேன்" என்று திருப்பி அனுப்பினேன். ஒரு மணி நேரமாகியும் வரவில்லை. ஓடிப்போய்ப் பார்த்தேன். பள்ளிக்கூட வாசலில், பூட்டிய கேட்டில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாய். "ஏன் தம்பி இங்கயே உக்காந்துட்ட?" என்று கேட்டேன். "எதுக்கு வந்தேன்னு மறந்துட்டேம்மா. ஞாபகம் வந்ததும் வூட்டுக்கு வரலாம்னு இருந்தேன்" என்றாய். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, நேரம் என்ன என்று கேட்டால் சொல்வது போலச் சொன்னாய். அன்றைக்கும் நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தேன், அவ்வளவுதான்.

அரியலூர் மறுபடியும் தனி மாவட்டம் ஆன அந்த 2007-ஆம் வருடம் உன்னைத் திருச்சியில் ஒரு குழந்தை டாக்டரம்மாவிடம் காட்டினோம். அவர் உன்னைப் படம் வரையச் சொன்னார், எண்களைத் திருப்பிச் சொல்லச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, "இவன் வயித்துல இருக்கும்போது நீங்க என்னம்மா சாப்பிட்டீங்க?" என்று கேட்டார். பதினொரு வருடத்தில் அதை என்னிடம் கேட்ட முதல் ஆள் அவர்தான். பக்கத்தில் உங்கப்பா நின்றார். "நல்லாத்தாங்க சாப்பிட்டேன்" என்றேன். வெளியே வந்து பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கத் தொடங்கினோம். குடையை வைத்துவிட்டு வந்துவிட்டேன் என்று பொய் சொல்லி, உங்கள் இருவரையும் நிறுத்திவிட்டுத் தனியாகத் திரும்பிப் போனேன். வாழ்க்கையில் நானாக ஒரு கதவைத் தட்டியது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன். கடைசிச் சோறு, அரை வயிறு, கறிக் குழம்பு, பலப்பம், ஸ்கேலால் அடித்தது எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன்.

அவர் திட்டவில்லை. கருவில் மூளை வளரும்போது துத்தநாகம் வேண்டும் என்றார். ஞாபகத்தைச் சேர்த்து வைக்கிற ஒரு பகுதி மூளைக்குள் இருக்கிறது, அதற்கு இது மிகவும் தேவை. தாய் எலிக்கு அதைக் கொடுக்காமல் வளர்த்துப் பார்த்தால் குட்டிகள் வழியை மறக்கின்றன, கற்றுக்கொள்ளத் தடுமாறுகின்றன என்று கண்டிருக்கிறார்களாம். கூழிலும் முழுத் தானியத்திலும் உள்ள ஒரு பொருள் துத்தநாகத்தைப் பிடித்துக்கொள்ளும், மண்ணும் பலப்பமும்கூட அப்படிச் செய்யலாம், கறியும் முட்டையும் இல்லாதபோது உடம்புக்குச் சேர்வது கொஞ்சம்தான் என்றார். ஆபீசர் வயலைப் பற்றிச் சொன்னது அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

"அப்ப நான்தாங்களா காரணம்?" என்று கேட்டேன்.

"அப்படி எழுதிக் குடுக்க மாட்டேம்மா. எலிக்குத் தெரிஞ்ச அளவுக்கு மனுசங்க விசயத்துல உறுதியாத் தெரியல. எடை கொறஞ்சு பொறந்திருக்கான், நாள் முந்திப் பொறந்திருக்கான், ஒங்களுக்கு ரத்தச் சோகை இருந்திருக்கலாம். அடிச்சு அடிச்சு பயந்தும் போயிருக்கான். எது எவ்வளவுன்னு இப்ப பிரிச்சுப் பாக்க முடியாது. ஆனா அது இல்லவே இல்லன்னும் சொல்ல மாட்டேன்."

"பரம்பரையா வர்றதுங்களா?"

"ரெண்டு பக்கமும் இப்படி யாரும் இல்லேங்கறீங்க. சத்துக் கொறச்சல்னால வந்ததுன்னா, அவன் புள்ளைக்கு எறங்கற சமாச்சாரம் இல்ல அது. அவன் பொண்டாட்டி என்ன சாப்பிடறாங்கறதுதான் விசயம். நீங்க அழாதீங்க. ஒங்களுக்குச் சோறு மிச்சம் வெக்காததுக்கு நீங்க மட்டுமா பொறுப்பு?"

இப்போது நான் சொல்ல வந்த இடத்துக்கு வந்துவிட்டேன். பஸ்ஸில் நீ ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தாய். உங்கப்பா முன் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார். "டாக்டரம்மா என்னம்மா சொன்னாங்க?" என்று கேட்டாய். உண்மையைச் சொன்னால் நீ உங்கப்பாவிடம் சொல்வாய், அவர் அத்தையிடம் சண்டைக்குப் போவார், எல்லாருமாகச் சேர்ந்து என்னைப் பார்ப்பார்கள். கெமிஸ்ட்ரி படித்தவள் பலப்பம் தின்றாள் என்பார்கள். அந்தப் பார்வையை நினைத்ததும் எனக்குக் காது சூடாயிற்று. "பொறவியிலயே வந்ததாம் தம்பி" என்றேன். நீ தலையாட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். அன்றிலிருந்து உன்னை அடிக்கவில்லை. உன்னோடு உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதி வைக்கப் பழக்கினேன், கேட்டதையே பத்துத் தடவை கேட்டாலும் பத்துத் தடவையும் பதில் சொன்னேன். அந்தப் பொய்யை மட்டும் திரும்ப எடுக்கவில்லை. நீ எதையும் மறக்கிறவன், இதையும் மறந்திருப்பாய் என்று நம்பிக்கொண்டேன். செவ்வாய்க்கிழமை நீ போனில் சொன்னது பஸ்ஸில் நான் சொன்ன அதே வார்த்தைகள். எத்தனையோ மறந்த நீ அதை மட்டும் வைத்துக்கொண்டிருந்திருக்கிறாய்.

உன் ரத்தத்தில் எதுவுமே இல்லை என்று நான் அடித்துச் சொல்ல முடியாது, அந்த டாக்டரம்மாவே சொல்லவில்லை. ஆனால் உன் ரத்தம்தான் காரணம் என்று நீ முடிவு கட்டியிருப்பதற்கு, என் பொய்யைத் தவிர வேறு ஆதாரம் கிடையாது. அதை நான் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். இனி அந்தப் பயத்தோடு சுகன்யாவின் வயிற்றைப் பார்க்காதே. அவள் தட்டைப் பார். அவளும் அதிகம் பேசாத பெண். கல்யாணத்துக்கு மறுநாள் பந்தி முடிந்து நான் அடுக்களைக்குள் போனபோது, நின்றபடியே ரசம் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். "உக்காந்து சாப்பிடும்மா" என்றேன். "ஆச்சுங்க அத்தை" என்றாள். அன்றைக்கு நான் அவளுக்கு ஒரு மணையைக்கூட எடுத்துப் போடாமல் வெளியே வந்துவிட்டேன்.

அதனால் "சாப்ட்டியா?" என்று அவளிடம் கேட்காதே. நீ உட்காரும்போது அவளையும் உட்கார வை. முட்டையோ கறியோ மீனோ அவள் தட்டில் முதலில் விழட்டும். பருப்பு, எள்ளு, பூசணி விதை எல்லாம் நல்லது. ஜெயங்கொண்டத்திலிருந்து முந்திரி வாங்கி வைத்திருக்கிறேன், அனுப்புகிறேன். சாப்பாட்டோடு டீ வேண்டாம். அவளுக்கு மண்ணோ சாம்பலோ தின்ன ஆசை வந்தால் ஒளிக்க வேண்டாம் என்று இப்போதே சொல்லி வை. அப்படி வந்தால் சிரிக்காதே, டாக்டரிடம் சொல். துத்தநாக மாத்திரை வேண்டுமா என்று அவர்களிடமே கேள், நீயாகக் கடையில் வாங்கிக் கொடுக்காதே. இதையெல்லாம் செய்தால் கெட்டிக்காரப் பிள்ளையாகப் பிறக்கும் என்று யாரும் உனக்கு எழுதித் தர மாட்டார்கள். எனக்குக் கிடைக்காத ஒன்று அவளுக்குக் கிடைக்கும், அவ்வளவுதான். நீ கேட்டால் நான் ஓசூரில் உங்கள் வீட்டுக்கு வந்து கொஞ்ச நாள் இருந்து சமைத்துப் போடுகிறேன். கேட்காவிட்டால் வரமாட்டேன். இங்கே ஒரு வேளை வடித்து இரண்டு வேளை சாப்பிடுகிறேன், முதல் பந்தியும் நான்தான், கடைசிப் பந்தியும் நான்தான். பழகிவிட்டது.

இதைப் படித்து உனக்குக் கோபம் வரும். வரட்டும், அது நியாயம். அடித்ததற்குக்கூட நீ மன்னித்துவிடுவாய் என்று எனக்குத் தெரியும். பஸ்ஸில் சொன்னதற்கு மன்னிப்பாயா என்று தெரியாது. முன்பெல்லாம் வாரக்கணக்கில் உன்னிடமிருந்து போன் வராவிட்டால், பாவம் பிள்ளை மறந்திருப்பான் என்று சொல்லிக்கொண்டு படுத்துவிடுவேன். அது எனக்கு வசதியாக இருந்தது. இந்தத் தடவை நீ கூப்பிடாமல் இருந்தால், மறந்துவிட்டாய் என்று நினைக்க மாட்டேன்.

அம்மா